ஹல்லும் ஹாலும்

பால் கெட்டுப்போனது என்று தெருவே கேட்கும்படி நான் கத்தியபோது, அதே பாலில் போட்ட காபி என் கையில் அரை டம்ளர் மீதி இருந்தது. இதைவிடக் குறைவான சான்றோடு யாரும் யாரையும் குற்றம் சாட்டியிருக்க மாட்டார்கள்.

சூளகிரிப் பக்கம் கம்பெனி வேலை, ஓசூரில் வீடு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எனக்கு அத்துப்படி என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் கன்னடத்தில் எனக்கு நன்றாக வந்தது தலையாட்டல்தான். எங்கள் நாய் ஜிம்மி ஒரு பக்கமாகவே மென்று, பாதிச் சோற்றைக் கீழே சிந்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதன் வாய் நாறியது. நாய் என்றால் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். லேஅவுட் வாட்ச்மேன் கன்னடக்காரர். ஒருநாள் காலை நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, ஜிம்மியைக் காட்டி ஏதோ சொன்னார். லாரி இரைச்சலில் என் காதில் விழுந்தது, "ஹாலு கெட்டோகிதெ சார்." பால் கெட்டுப்போச்சு. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். மும்மொழிப் புலவர் கேட்பாரா?

ஜிம்மிக்குத் தினமும் அரை டம்ளர் பால் உண்டு. மறுநாள் பால்காரம்மா மொபெட்டில் வந்து நின்றதும் ஆரம்பித்தேன். அவர் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு மாடு வைத்திருந்தவர். எங்கள் தெருவில் ஆறு வீடுகள்தான் அவருக்கு வாடிக்கை. நான் பேசி முடிக்கும்வரை கேன் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"காச்சிப் பாருங்க சார். திரிஞ்சுதுன்னா நான் இந்தத் தெருவுக்கே வரல."

காய்ச்சிப் பார்க்கவில்லை. அவர் கண் என் டம்ளருக்குப் போனது. நான் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அதாவது, எனக்குள் யாரோ ஒருவருக்கு விஷயம் அப்போதே தெரிந்திருக்கிறது. அந்த வாரமே ஆறு வீடும் பாக்கெட் பாலுக்கு மாறின.

பாக்கெட் பால் குடித்தும் ஜிம்மி தேறவில்லை. இரண்டு மாதத்தில் கண்ணுக்குக் கீழே வீங்கி, சாப்பாட்டையே நிறுத்திவிட்டது. கால்நடை டாக்டர் அதன் உதட்டை விரலால் தூக்கினார். அவ்வளவுதான் பரிசோதனை. பல்லெல்லாம் பழுப்புக் காரை. ஈறு வெந்த மாதிரி சிவந்து, வேரில் சீழ். "தூக்கிப் பாக்க ஒரு நிமிஷம் ஆகுமா சார்? தினம் தேச்சிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது," என்றார். மயக்க மருந்து கொடுத்துக் காரையைச் சுரண்டி, ஐந்து பல்லைப் பிடுங்கினார். இனிமேல் நாய்க்கென்று விற்கும் பேஸ்ட்டில் தினமும் தேய்க்க வேண்டும், நம் பேஸ்ட் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது வாட்ச்மேன் தன் முன்பல்லைத் தட்டிக் காட்டினார். "அன்னைக்கே சொன்னனே சார், ஹல்லு, ஹல்லு." ஹல்லு என்றால் பல். ஹாலு என்றால் பால். நடுவில் இருப்பது ஒரு நெடில். அந்த நெடிலில் ஐந்து பல்லும் ஒரு பெண்ணின் ஆறு வீடும் போயிருந்தன.

அன்று சாயங்காலமே பால்காரம்மாவின் கிராமத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு மாட்டை விற்றுவிட்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், ஏறக்குறைய ஆசையோடு. "சரி விடுங்க சார்" என்றதோடு முடித்துக்கொண்டார். பிறகு நானே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தப்பு என் காதுடையது என்று சொன்னேன். என் வீட்டோடு சேர்த்து நான்கு வீடுகள் திரும்பின. மற்ற இரண்டும் பாக்கெட்டுக்குப் பழகிவிட்டோம் என்றன. கெட்ட பேர் ஒரே காலையில் தெருவைச் சுற்றிவிடுகிறது. அதைத் திரும்ப வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது.

இப்போது தினமும் காலையில் கேட்டருகே உட்கார்ந்து ஜிம்மிக்குப் பல் தேய்க்கிறேன். பக்கத்தில் காபி டம்ளர், மறைக்காமல். நேற்று பால்காரம்மா மொபெட்டை நிறுத்தி, பிரஷ்ஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அந்த விஷயத்தை அவராக எடுத்தது இதுதான் முதல் முறை.

"நாய்க்கு வாயப் பாத்தாச்சு. அதே டாக்டர்கிட்ட உங்க காதையும் ஒருவாட்டி காமிச்சிருங்க சார்."