பட்டியில் பிடித்த பிள்ளையார்

என் தம்பி கார் செய்வான். ஓடுகிற கார் இல்லை, உள்ளங்கையில் நிற்கிற கார். லண்டனில் இருந்த மாமா, ஊருக்கு வருகிறவர்களிடம் பெட்டி பெட்டியாய்ப் பிளாஸ்டிக் துண்டுகளைக் கொடுத்துவிடுவார். தம்பி அவற்றை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ற் அடித்து முடிக்கும்போது கதவுப்பிடி முதற்கொண்டு அசல் கார்தான். கலியாண வயசு எருமைமாட்டுக்கு விளையாட்டுக் கார் கேட்குது என்று நான் ஏசுவேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். சண்டைக்கால வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பெடியன் வேலை விட்டு நேரே வீட்டுக்கு வந்து மேசையில் குனிந்துகொண்டிருந்தால், அக்காவுக்கும் அம்மாவுக்கும் அதைவிட என்ன வேண்டும்?

அவனுக்கு எல்லா வேலைக்கும் ஒரு பட்டி வேண்டும், பிசைந்த மாப்போல இருக்கிற ஒட்டுப்பசை. யன்னல் கண்ணாடிக்கு வைக்கிற பட்டி இல்லை. சுவரில் படம் ஒட்டுவதற்கென்று காலி வீதிப் புத்தகக் கடைகளில் விற்பார்களே, அந்த வெள்ளைப் பட்டி. அது காயாது, இறுகாது, எத்தனை தரமும் எடுத்து உருட்டலாம். விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் ஒரு பொட்டு வைத்து அதில் காரின் பக்கக் கண்ணாடியைக் குத்தி நிறுத்துவான். கை படாமல் சுற்றிவரப் பெயின்ற் அடிக்கலாம். இரண்டு நிறம் சேருகிற இடத்தில் பட்டியை இடியப்ப நூலாய் உருட்டி ஓரம் கட்டுவான், கோடு பிசகாது. ஒட்டுவதற்கு முன் கதவு பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அதை வைத்துத்தான். நிலத்தில் தவறின கடுகளவு துண்டைத் தேடி நான் முழங்காலில் நின்றால், "எழும்புங்கோ அக்கா" என்று பட்டியால் ஒரு ஒற்று ஒற்றி எடுத்துவிடுவான். கொழும்பு வெக்கைக்கு இளகிவிடும் என்று பிரிஜ்ஜில், பட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பான். வாங்கி வாங்கிச் சேர்த்து அது ஒரு கைப்பிடி அளவுக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. கோயிலில் யாரோ சொல்லிவிட்டார்கள், குண்டு என்பது இப்போது மா குழைத்ததுபோல வருகிறது, வயரை அதற்குள் செருகினால் காணும், வெடித்துவிடும் என்று.

"தம்பி, உந்தக் கோதாரியை எறி."

"அம்மா, இது படம் ஒட்டுற பட்டி. கடையில எல்லாரும் வாங்குற சாமான்."

"எங்களுக்குத் தெரியும். வாறவனுக்குத் தெரியுமோ?"

அவன் சிரித்துவிட்டுப் போனான். அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆமி ஒழுங்கைக்குள் இறங்கினால் எங்கள் பக்கத்து வீடு ஒவ்வொன்றிலும் அவசரத் துப்பரவு ஒன்று நடக்கும். ஊர்ப்படம் போட்ட கலண்டர் அரிசிப் பெட்டிக்குள் போகும், றேடியோ பற்றரி தலையணை உறைக்குள் போகும். ஒரு குற்றமும் செய்யாத சனம் கள்ளரைப்போலத் தன் வீட்டுக்குள்ளேயே ஓடித் திரியும். இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். வேறென்ன செய்ய? எங்கள் வீட்டில் கொண்டுபோகக்கூடிய ஆள் ஒருவன்தான். அவனைக் கொண்டுபோகக் கூடாது, அவ்வளவுதான் எங்கள் வேண்டுதல்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை காலை. கீழ்வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. தம்பி குளித்துக்கொண்டிருந்தான். நான் அடையாள அட்டைகளைத் தேடி அலுமாரியைக் கிளறினேன். அம்மா குசினிக்குள் இருந்தா. அவ என்ன செய்தா என்று நான் பார்க்கவில்லை.

ஒரு அதிகாரியும் நாலைந்து ஆமிக்காரரும் மேலே வந்தார்கள். கட்டிலைப் புரட்டினார்கள், துணிகளை உதறினார்கள். பிறகு அதிகாரி கார் மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார். தானும் சின்ன வயசில் கப்பல் செய்ததாகச் சிங்களத்தில் சொன்னார். தம்பி என்று உரிமையாய்க் கூப்பிட்டு, "மல்லி, இந்தத் துண்டில கை அடையாளமே இல்லையே, எப்படிப் பெயின்ற் அடிச்சாய்?" என்று கேட்டார்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவன் வேலையை மதித்து ஒரு மனிசன் கேட்டது அதுதான் முதல் தடவை. பாழ்படுவான், தலை துவட்டின துவாயைத் தோளில் போட்டபடி, "காட்டுறன் சேர்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு பிரிஜ்ஜைத் திறந்தான். பட்டி இல்லை. மேசையில் தேடினான். அங்கும் இல்லை.

"அம்மா, என்ர பட்டி எங்க?"

"எறிஞ்சிட்டன். விடு தம்பி."

அம்மா என்ன சொல்கிறா என்று அதிகாரி கேட்டார். எறிந்துவிட்டாவாம் என்று அவன் உள்ளதைச் சொன்னான். அதிகாரி தலையாட்டினார். அந்த மட்டில் போயிருக்க வேண்டியது.

குசினிக்குள் ஒரு ஆமிக்காரன், தம்பியைவிட இளையவன், எங்கள் சாமித்தட்டுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். கணதெய்யோ என்று பிள்ளையாரை அவர்களும் கும்பிடுவார்கள். தட்டில் வெற்றிலை, வெற்றிலையில் மஞ்சள் பிள்ளையார், தலையில் அறுகம்புல், நெற்றியில் குங்குமம். வெள்ளிக்கிழமைகளில் வழக்கமாய் இருக்கிறதுதான். அவன் கைகூப்பிவிட்டு, பொட்டு வைக்க என்று பிள்ளையாரின் குங்குமத்தை விரலால் தொட்டான். விரலோடு பிள்ளையாரும் வந்தார். அவன் உதற, அவர் மூக்குச்சளிபோல நீண்டு தொங்கினார். மஞ்சளுக்கு உள்ளே வெள்ளை தெரிந்தது.

அம்மா அவசரத்தில் பட்டியைத் தண்ணீரில் நனைத்து, மஞ்சள் தூளில் பிரட்டி, சாமியாக்கி வைத்திருந்தா. கடவுளின் வடிவத்தை யாரும் கிண்ட மாட்டார்கள் என்பது அவவின் கணக்கு. ஐயோ, என்ர அம்மா! பிரிஜ்ஜிலேயே கிடக்கவிட்டிருந்தால் அது படம் ஒட்டுகிற பட்டி. ஒளித்ததால்தானே அது வேறொன்றாகியது.

அதிகாரியின் முகத்திலிருந்து கப்பல் செய்த சிறுவன் போய்விட்டான். "கவுத மேக்க ஹெங்குவே?" என்று கேட்டார். யார் இதை ஒளித்தது?

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் கேள்வி விளங்கிவிட்டது. வாயைத் திறந்தா. தம்பி அவவைப் பார்த்தான், துவாயை என் கையில் தந்தான்.

"மம" என்றான். நான்தான்.

கார்களையும் பட்டியையும் ஒரே பையில் போட்டு, அவனையும் கொண்டுபோனார்கள். கீழ்வீட்டு மனிசி துக்கம் விசாரிக்க வந்து, "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சுதே" என்றா. வெளியே போங்கோ என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவ எங்கள் படியேறவில்லை.

அது வெறும் பட்டிதான் என்று பரிசோதித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அது எங்களுக்கு ஒரு மண்ணுக்கும் உதவவில்லை. வெறும் பட்டி என்றால் ஏன் ஒளித்தாய், யார் சொல்லி ஒளித்தாய் என்பதே பிறகு கேள்வி. ஒளித்தது நான் இல்லை என்று அவன் சொன்னால், அடுத்த வாகனம் அம்மாவுக்கு வரும். அவன் சொல்லவில்லை.

அம்மா சோற்றில் கை வைக்காமல் இருந்தா. ஒரு நாள், "எனக்குச் சிங்களத்தில சொல்லித் தா பிள்ளை, நானே போய்ச் சொல்லுறன்" என்றா. பஸ்ஸில் போகும்போது சொல்லிக் கொடுத்தேன். "மமய் ஹெங்குவே மாத்தயா. புத்தா தன்னே நே." நான்தான் ஒளித்தேன் ஐயா, மகனுக்குத் தெரியாது. தேவாரம் பாடமாக்குகிறதுபோல அவ வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தா. விசாரணை செய்கிறவருக்கு முன்னால் கைகூப்பி நின்று, ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தா. அவர் சிரித்தார். எல்லா அம்மாமாரும் இப்படித்தான் சொல்லுவார்கள் என்றார். நானும் சத்தியம் பண்ணினேன். அக்காமாரின் சத்தியத்துக்கு அதைவிட மதிப்பில்லை.

அவனை விட்டது அடுத்த வருஷம். எலும்பும் தோலுமாய் வந்தான். வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கரண்டியை இடக்கையால் பிடித்துச் சாப்பிட்டான். மாமா அனுப்பிய புதுப் பெட்டியை நான் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். அம்மா பழைய அம்மாவாகிவிட்டா. வருகிறவர்கள் எல்லாருக்கும், "நான் போய்ச் சிங்களத்தில சொன்னபடியால்தான் விட்டவங்கள்" என்று சொல்லுவா. அந்த வசனத்தைச் சொல்லியும் காட்டுவா. தம்பி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு நாள் பின்னேரம், அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவனுக்கு உற்சாகம் கொடுக்க நினைத்து, "அம்மா அண்டைக்கு எவ்வளவு துணிவாச் சொன்னவ தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும் அக்கா" என்றான். "அண்டைக்குத்தான் விரலை முறிச்சவங்கள். கிழவிக்குப் பொய் பாடமாக்கி அனுப்பினது ஆர், அவன்ர பேரைச் சொல்லு எண்டு."

படியில் அம்மா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"அவ அப்பிடியே நினைச்சுக்கொண்டு இருக்கட்டும்" என்றான் தம்பி. "நான் உங்கட பேரையும் சொல்லேல்லை."