டீச்சர் ஒத்துக்கல

எக்ஸ்ரே அக்காவுக்கு யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடும் பழக்கம் கிடையாது. வேலை அப்படி. "மூச்சைப் பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவாள். "அசையவே இல்லைங்க" என்று படுத்திருப்பவர் சத்தியம் பண்ணுவார். திரையில் விலா எலும்பு கலங்கலாகத் தெரியும். பதினெட்டு வருஷமாக இதே கதை. வாய் ஒன்று சொல்லும், எலும்பு வேறொன்று சொல்லும். ஆஸ்பத்திரியில் அவளைவிட மூத்த டாக்டர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பார்வைக்குக் கொடுத்த மரியாதை அது.

அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் பேய்ப்படம். இரண்டு மணிக்கு வேலை முடியும். வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று மணி நேரத்துக்கு அசைய மாட்டாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம், போன மாதம் வந்த படம் என்ற பேதமெல்லாம் இல்லை. கதாநாயகி இருட்டு அறைக்குள் காலெடுத்து வைத்தால், "போகாதடி... சொன்னா கேக்குறியா? போ, போய்த் தொலை" என்று திட்டிக்கொண்டே சாப்பிடுவாள்.

கணவர் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பரம சாது. படத்தில் கதவு கிறீச்சிட்டால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். மகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ராத்திரி சாப்பிடும்போது அவள் அன்றைக்குப் பார்த்த படத்தை ஒரு காட்சி விடாமல் சொல்வாள். எது நன்றாக இருந்தது, எது சொதப்பல், எந்த இடத்தில் இயக்குநர் கோட்டைவிட்டார் என்று தீர்ப்பும் சொல்வாள். அவர் "ம்" என்பார். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் ஒரே "ம்"தான்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தக் காலத்துப் படத்துல பேயைக் காட்ட மாட்டாங்க. காலியா இருக்கிற நாற்காலியைக் காட்டுவாங்க. யாரு உக்காந்திருந்தான்னு நம்மகிட்ட விட்டுடுவாங்க. இப்ப எல்லாத்தையும் காட்டிட்டு, பயப்படு பயப்படுன்னு கத்துறாங்க."

அவள் கை வாய்க்குப் போகாமல் நின்றது. நாற்காலி வரும் படத்தை அவள் சனிக்கிழமை சொல்லியிருந்தாள். ஆனால் இப்படிச் சொல்லவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானாத்தான் யோசிச்சேன்."

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் யோசித்துச் சொன்ன பெரிய கருத்து, உப்பு கொஞ்சம் தூக்கலோ என்பதுதான். அவள் அப்போதைக்கு விட்டுவிட்டாள். ஆனால் மனதில் ஒரு முள் தைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இல்லாத மாடியில் போய் நிற்கும் லிஃப்டைப் பற்றிய புதுப்படம் ஒன்றை அவள் வானளாவப் புகழ்ந்திருந்தாள். அவர் சாவகாசமாக, "பாதிக்கு மேல அது பேய்ப்படமே இல்லம்மா. அழுவாச்சிப் படம்" என்றார். அவள் விடுவாளா? கொட்டித் தீர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "இதுக்குப் பதில் அடுத்த வாரம் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்காரர் பெண்டாட்டியிடம் தவணை வாங்கிக்கொண்டு சண்டை போடுவதை அவள் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு அவள் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு "சும்மா நடந்துட்டு வர்றேன்" என்று கிளம்புகிறவர் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். திரும்பி வரும்போது சட்டையில் வார்னிஷ் வாடை. நடக்கிற வழியில் வார்னிஷ் எங்கிருந்து வந்தது? முகத்தில் ஒரு களை வேறு. கேட்டால், "காத்து நல்லா இருந்துச்சு" என்பார்.

போனில் தன் அக்காவிடம் பட்டும் படாமலும் சொன்னாள். அக்கா அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "இத்தனை வயசுக்கு மேல ஆம்பளைக்குத் திடீர்னு ரசனை வந்துச்சுன்னா, அதுக்குப் பேரு ரசனை இல்லடி" என்றாள்.

"அவரு அப்படிப்பட்டவர் இல்லக்கா."

"யாருதான் அப்படிப்பட்டவங்க? எதுக்கும் சட்டைப் பையைப் பாரு."

புதன்கிழமை காலையில் துணி ஊறவைக்கும்போது பார்த்தாள். மூக்குக்கண்ணாடி ரசீதின் பின்பக்கம், அவருடைய பொடிப்பொடி எழுத்து: 'கதவு மூணு தடவை தட்டுது. டீச்சர் ஒத்துக்கல. ஞாயிறு மறுபடி பேசணும்.'

டீச்சர்.

அவள் அந்தத் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள். எதற்கு ஒத்துக்கொள்ளவில்லை? மூன்று தடவை தட்டினால் யார் வீட்டுக் கதவு திறக்கும்? ஆஸ்பத்திரியில் அன்றைக்கு முழங்காலைப் படம் எடுக்க வேண்டியவருக்குத் தோள்பட்டையை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தாள். அவள் கை தப்பியதை அதுவரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

நேரடியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் மனிதர் அசைந்துவிடுவார், படம் கலங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிறு வரை எதுவும் தெரியாத மாதிரி இருந்தாள். அவர் கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் இவளும் கதவைப் பூட்டினாள்.

அவர் காற்று வாங்குகிறவர் மாதிரி நடக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி நடந்தார். மருந்துக்கடை முக்கில் திரும்பினார். ஒரு கடையில் நின்று கிரீம் பிஸ்கட் இரண்டு பாக்கெட் வாங்கினார். வீட்டுக்கு என்று அவர் ஒரு நாளும் கிரீம் பிஸ்கட் வாங்கியதில்லை. பிறகு, படங்களுக்குச் சட்டம் போடும் கடையின் பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, பழகின ஆள் மாதிரி உள்ளே போய்விட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அவளும் குனிந்து நுழைந்தாள். சுவரோரம் வெறும் சட்டங்கள் சாய்ந்து நின்றன. மரத்தூள், பசை, அதே வார்னிஷ் வாடை. பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கண்ணாடிக்காரரே, லிஃப்ட் படத்துக்குப் பதிலோட வர்றேன்னீங்களே?" அந்தப் பெண்குரல்தான்.

கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டீச்சர், நீங்க பேயைத் தேடுறீங்க. பயம் பேய்கிட்ட இல்ல. பின்னாடி வந்து நிக்கிறது தெரிஞ்சும் அவ தலை வாரிக்கிட்டே இருக்கா பாருங்க, அந்தச் சீப்புல இருக்கு. அது புரியலன்னா நாம பேய்ப்படமே பார்க்கக் கூடாது, சமையல் குறிப்புதான் பார்க்கணும்."

உள்ளே கைதட்டினார்கள். "மனுஷன் என்னமா ரசிக்கிறாரு!" என்றது ஓர் ஆண்குரல்.

வெளியே நின்றவளுக்குக் காது ஜிவ்வென்றது. சீப்பு அவளுடையது. சமையல் குறிப்பும் அவளுடையதுதான். வியாழக்கிழமை லிஃப்ட் படப் பேச்சு திரும்ப வந்தபோது கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னது. ஒரு கணம் நெஞ்சிலிருந்து பெரிய கல் இறங்கியது. இறங்கின இடத்தில் அதைவிடப் பெரிய கோபம் ஏறி உட்கார்ந்தது.

கதவைத் தள்ளினாள். நாலு நாற்காலி, ஒரு ஸ்டூல். சட்டக்கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிக் காதில் கருவி மாட்டிய ஒரு ஓய்வுபெற்ற டீச்சர், கையில் பிஸ்கட்டுடன் அவள் கணவர்.

"அந்தப் பொண்ணு எந்த மாடியில இறங்குறா? சொல்லுங்க பாப்போம்" என்றாள் அவரைப் பார்த்து.

அவர் பிஸ்கட்டைப் பாக்கெட்டுக்குள் திருப்பி வைத்தார்.

"அவ என்ன நிறத்துல புடவை கட்டியிருக்கா? அதுவாச்சும்?"

"நீங்க யாரும்மா?" என்றார் டீச்சர்.

"நான் இவரு வீட்டுக்காரி. இவரு ஒரு பேய்ப்படமும் பார்த்ததில்ல. கதவு கிறீச்சிட்டாலே தெருமுனைக்கு ஓடிடுவாரு."

மருந்துக்கடைக்காரர் முகம் சுருங்கிப்போனது. "மூணு மாசமா நம்பினோமே" என்றார். சட்டக்கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நான் இத்தனை நாளா யாரோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்?"

"என்னோடதான். பேய்ப்படம் அழுவாச்சிப் படமாயிடுச்சுன்னு சொன்னது நீங்கதானே?"

"ஆமா. இப்பவும் சொல்றேன்."

"உக்காருங்க, பேசிருவோம்" என்று நாற்காலியை இழுத்தாள். பேசினார்கள். நாற்காலிப் படத்துக்குப் போய், கதவு தட்டும் படத்துக்கு வந்து, தட்டியது மூன்றா நாலா என்பதில் குரல் உயர்ந்தது. யாராவது பதிலுக்குப் பதில் கொடுத்து அவள் படம் பேசியது அதுதான் முதல் தடவை. நடுவில் திரும்பிப் பார்த்தபோது கணவரின் ஸ்டூல் காலியாக இருந்தது.

வீட்டில் அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இந்த வேலை?"

"நீதானே ஒரு நாள் சொன்னே. உங்ககிட்ட பேசுறதுக்குச் சுவர்கிட்ட பேசலாம், எதிரொலியாச்சும் வரும்னு." அவர் திரும்பவில்லை. "சட்டக்கடைக்காரரு கண்ணாடி போட வந்தாரு. பேய்ப்படப் பேச்சு வந்துச்சு. நீ சொன்னதை எடுத்து விட்டேன். வாங்கன்னு கூப்பிட்டாரு. அங்க அவங்க சொன்னதைக் கொண்டுவந்து உனக்குச் சொன்னேன். நீ சண்டை போட்டே. நல்லா இருந்துச்சு."

"நான் சொன்னேன்னு அங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்ல."

அவள் சண்டையை விட்டுவிட்டு, அவர் துலக்கி வைத்த பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். ஆனாலும் சந்தேகம் ஒரே நாளில் போய்விடுகிற காய்ச்சலா என்ன? பல வாரங்களுக்கு அவர் என்ன சொன்னாலும், "இது யாரோடது?" என்று கேட்டாள். மழை வரும்போல இருக்கு என்றாலும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மட்டும் சட்டக்கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் சமாதானமாகிக் கண்ணாடிக்காரர் எங்கே என்று விசாரித்தபோதும் அவர் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு போடு. திரையை மட்டும் இழுத்து விடாதே."

கறுப்பு வெள்ளையில் மிதமான ஒன்றாகப் பார்த்துப் போட்டாள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தார். அந்தப் பெண் மாடிப்படியில் கால் வைத்ததும், "நிறுத்து, நிறுத்து" என்றார். அவள் சிரிக்காமல் நிறுத்தினாள். அவர் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். நாலு துண்டு மடித்த பிறகு குரல் வந்தது.

"அப்புறம் அவ என்ன ஆனா?"

"மேல போறா. அறைக்குள்ள யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது."

"விளக்கைப் போட்டாளா?"

"இல்ல."

"ஏன் போடல?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எத்தனை படம், எத்தனை பெண்கள், எத்தனை இருட்டு அறைகள். ஒருத்தியும் போட்டதாக ஞாபகம் இல்லை.

"தெரியலங்க" என்றாள். எழுந்து வந்து துணிக்கூடையின் மறுபக்கம் உட்கார்ந்து, மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.