நாவுலயில் படுத்துக்கொண்ட பெரிய பைக்

பழைய பைக் வாங்கப் போகிறவர்களோடு போய் நல்லது கெட்டது பார்த்துச் சொல்வது மாத்தளைப் பக்கம் பலாபத்வலயில் என் கராஜ் வேலையில் பாதி. பழைய பைக் வாங்கி நொந்த என் சொந்தங்களே, மற்றப் பாதி, நான் சொன்னதைக் கேட்காமல் வாங்கியவர்களின் பைக்கைத் திருத்துவது.

கண் சாடை

உக்குவளை ரிஸ்வான் நானா மிளகு, கராம்பு வியாபாரி. இடுப்பில் ஆபரேஷன் நடந்த பிறகு அவர் மனைவி பௌசியா ராத்தாவால் சின்ன பைக்கில் உட்கார முடியாது. தனியாக ஊர் சுற்ற நானாவுக்கு மனம் வரவில்லை. நாவுலயில் ஒரு வெங்காயத் தோட்டக்காரரிடம் நெடும்பயண பைக் ஒன்று விலைக்கு இருக்கிறதென்று என்னைக் கூட்டிப் போனார். முன்னால் பெரிய கண்ணாடி, இரு பக்கமும் பெட்டி, ரேடியோ, பின்னால் சாய்மானம் வைத்த சீட். நானா டேங்கைத் தடவத் தொடங்கிவிட்டார். ஆசையைக் காட்டாதீங்க என்று கண் சாடை காட்டினேன். அவர் தோட்டக்காரரிடமே திரும்பினார்.

"ஐயா, இவர் குறை சொல்லத்தான் வந்திருக்கார். நீங்க மனசில வச்சுக்காதீங்க."

சரளை

ஓட்டிப் பார்க்க ஏறினேன். முற்றத்துச் சரளையில் கால் வழுக்கியது. அவ்வளவு பாரமும் மெதுவாகச் சாய்ந்து, எருமை மாதிரிப் படுத்துக்கொண்டது. இருபது வருஷமாக பைக் திருத்துகிறவன் நான், காது சூடாகிவிட்டது. நல்லவேளை, எஞ்சினைச் சுற்றியிருந்த காவல் கம்பியில் மட்டும்தான் கீறல். தோட்டக்காரர் கோபிக்கவே இல்லை.

"என்னையும் மூணு தடவை சாய்ச்சது. இல்லாட்டி நான் ஏன் விக்கிறேன்?"

டயர்

அது படுத்துக் கிடந்தபோதுதான் பின் டயர் ஓரமாக நீளத்துக்கு வெடித்திருந்தது கண்ணில் பட்டது. நானாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும், "இந்த டயரில ராத்தாவ ஏத்தாதீங்க" என்றேன். பைக்கைத் தூக்கி நிறுத்தியதும் டேங்கிலிருந்து கையை எடுத்தார். அந்த அளவு டயர் மாத்தளையில் இல்லை, கொழும்பிலிருந்து வர மூன்று வாரமாகும். அதுவரை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று தோட்டக்காரரைக் கெஞ்சினார் நானா.

"அவசரமில்ல. இத வாங்க இங்க யாரும் வரிசையில நிக்கல."

முதல் பயணம்

புது டயர் போட்டு, எஞ்சின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்தேன். நானா மைதானத்தில் தனியாக ஓட்டிப் பழகினார். ஒரு ஞாயிறு காலை இருவரும் தம்புள்ளைக்குப் போகும் வழியில் கராஜ் முன்னால் நிறுத்தினார்கள். நானாவுக்கு வேர்த்துக் கொட்டியது. இடுப்பு வலிக்கும், இறங்கித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று ராத்தாவைக் கூப்பிட்டேன். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தேத்தண்ணிய இங்கயே கொண்டு வந்து தாங்க பாஸ். நான் இறங்கினா இவர் வீட்டுக்குத் திருப்பிடுவார்."

குறை சொல்லிப் பிழைக்கிற இந்தத் தொழிலில், நான் பார்த்துக் கொடுத்த பைக் போவதைப் பார்த்து எனக்கே பொறாமை வந்தது அன்றைக்கு மட்டும்தான்.