நடுவில் இருக்கும் தூசி

இந்த ஊரில் காற்றுக்கு வாசனை கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது குளிரும் அல்ல, ஆட்டுக்கறியை வெறும் உப்புப் போட்டு வேகவைத்துத் தின்பதும் அல்ல. இதுதான். காலையில் வாசல் கேட்டைத் திறந்துவிட்டு, எதையோ மறந்தவன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் வீட்டுக்காரம்மா மிஸஸ் டோரீன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். "இங்கே எந்த வாசனையும் இல்லை" என்றேன். குறையாகத்தான் சொன்னேன். அவளோ முகம் மலர்ந்து நன்றி சொன்னாள். அன்றுமுதல் என் அறைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக பினாயில் போட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஆம்பூர்க்காரன். ஊரை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாலாற்றங்கரை நெடுக எங்கள் ஊரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள், எங்கள் பேச்சில் தோல் ஷாப்புகள். பச்சைத்தோலும் சுண்ணாம்புக் குழியும் ஊறுகிற பட்டையும் சேர்ந்து ஒரு நாற்றம் உண்டு என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியாது. ரயிலில் போகிறவர்கள் ஆம்பூர் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்துத்தான் அப்படி ஒன்று இருப்பதையே தெரிந்துகொண்டோம். என் அக்கா எஸ்தரைப் பெண் பார்க்க மதராஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல உத்தியோகம், நல்ல மனிதர்கள். ஜட்காவிலிருந்து இறங்கும்போதே மாப்பிள்ளை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, தோல் ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்த அப்பா சொன்னார்: "மூக்கப் பொத்திக்கினு வர்றவன் நாளைக்கு பொண்ண எப்படி நம்ம வூட்டுக்கு அனுப்புவான்? வேணாம்." அம்மாவும் வேண்டாம் என்றாள். எங்கள் தெருவில் அநேகமாக எல்லோருக்கும் அதுதான் கணக்கு. அக்காவைக் குடியாத்தத்தில் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்தார்கள். அவர் கைக்குட்டையே வைத்துக்கொள்வதில்லை.

இங்கே என் வேலை நட்சத்திர மண்டலங்களுக்குத் தூரம் அளப்பது. பெரிய பேச்சாகத் தோன்றும். உண்மையில் நான் வானத்தைப் பார்ப்பவன் அல்ல. மற்றவர்கள் இரவில் வானத்தைப் படம் எடுத்துவைத்த கண்ணாடித் தகடுகளைப் பகலில் உட்கார்ந்து பார்ப்பவன். தென்வானத்தில் இரண்டு வெண்ணிறத் திட்டுகள் போல நமக்கு அண்டையில் இரண்டு மண்டலங்கள் இருக்கின்றன. அவற்றில் சில நட்சத்திரங்கள் ஒரு ஒழுங்கோடு மங்கி மங்கி ஒளிரும். மெதுவாக மங்கி ஒளிர்வது உண்மையில் அதிகப் பிரகாசமானது. அந்த உண்மைப் பிரகாசத்தையும் நம் கண்ணுக்குத் தெரிகிற பிரகாசத்தையும் ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். பூதக்கண்ணாடியில் குனிந்து பார்த்து, அட்டையில் எழுதி, பெட்டியில் அடுக்குவேன். நான் சேர்ந்த பிறகு, அளவுகோலே தவறு, எல்லாத் தூரமும் ஏறக்குறைய இரட்டிப்பு என்று கண்டுபிடித்தார்கள். அத்தனை அட்டைகளையும் அடித்துத் திருத்தினேன். மண்டலங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு வியப்போ வருத்தமோ வரவில்லை.

என் மேலதிகாரி மிஸ்டர் ஹேரிஸ் அடிக்கடி எச்சரிப்பது தூசியைப் பற்றி. நட்சத்திரங்களுக்கு நடுவே தூசி இருக்கிறது. ஒன்று மங்கலாகத் தெரிந்தால் அது தொலைவில் இருப்பதாலா, நடுவில் தூசி இருப்பதாலா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். நம் பால்வீதியின் தூசியை அளப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் நாமே அதற்குள் இருக்கிறோம் என்பார். "உங்கள் ஊரில் தூசி அதிகமோ?" என்று ஒருமுறை கேட்டார். சாலைத் தூசியைக் கேட்கிறார் என்று நினைத்து, கோடையில் அதிகம் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எதற்குச் சிரித்தார் என்று இன்றுவரை தெரியாது.

அப்பா இறந்தபோது நான் இங்கே இருந்தேன். அதன்பின் அம்மா ஆம்பூரில் தனியாக இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், வேலூரில் ஒரு கல்லூரியில் எனக்காகப் பேசி ஒரு விரிவுரையாளர் இடத்தைப் பிடித்துவைத்தாள். ஜூனில் சேர வேண்டும், அதற்குள் வந்து கையெழுத்துப் போடு என்று எழுதினாள். திரும்பிவிடலாம் என்றுதான் நானும் லீவு போட்டுக் கப்பல் ஏறினேன்.

மதராஸிலிருந்து ரயில். பச்சக்குப்பம் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு நாற்றம் அடித்தது. பெட்டியில் எதுவோ அழுகிக் கிடக்கிறது என்று நினைத்துப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எதிரில் இருந்தவர்கள் சேலைத் தலைப்பாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆம்பூரில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் அம்மா நின்றிருந்தாள். நான் இறங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். என் கைக்குட்டை மூக்கின்மேல் இருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இன்னா தம்பி, வழியெல்லாம் கரித்தூசி ஜாஸ்தியா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அதன்பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் ஆற்றுப்பக்கத்து ஜன்னல் சாத்தியே கிடந்தது. என் நினைவு தெரிந்து அதைச் சாத்தியதே இல்லை. என் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றியிருந்தாள். ஊதுவத்தி விடாமல் புகைந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன் ஊதுவத்தி வாங்கியதில்லை. அவளோ வியர்க்க வியர்க்க அந்த அறையில் உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் என் மூக்கு பழகிவிட்டது. ஒரு காலை எழுந்தபோது நாற்றமே இல்லை. பெரிய சந்தோஷத்தோடு ஜன்னலைத் திறந்துவிட்டு, "இப்ப ஒண்ணுமே தெரியலம்மா. இன்னைக்கே காலேஜ்ல போய் கையெழுத்து போட்டுட்டு வந்துடறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் முதல் நாள் பொய்யை நானே உடைத்துவிட்டது உறைத்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேணாம் தம்பி. நீ வெளியூர் போய்ட்டு வர்ற ஒவ்வொரு தபாவும் தெரியும். ஒனக்கு வரப்போறவளுக்கும் தெரியும். நான் எத்தினி நாளைக்கு ஜன்னல சாத்திக்கினு இருக்கிறது?"

"பழகிடும்மா."

"எஸ்தருக்கு வந்தவரும் பழகியிருப்பாரு. வேணாம்னுதானே சொன்னோம். அவருக்கு ஒரு ஞாயம், ஒனக்கு ஒரு ஞாயமா?" கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "அங்கியே இரு. அங்க ஒன்ன மதிக்கிறாங்க இல்ல?"

நான் வாதாடியிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அழுகைகூட வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கல்லூரி இடம் வேறொருவருக்குப் போயிற்று.

கிளம்பும் அன்று என் கைக்குட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தாள். "ஊர் தாண்டுற வரைக்கும் வேணும் இல்ல?" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. பசிக்குமே என்று வழிக்குச் சோறு கட்டுகிறவள் குரல்தான். ரயிலில் அதைக் கையால் தொடவில்லை. எனக்கு அப்போது எந்த நாற்றமும் தெரியவும் இல்லை.

மிஸஸ் டோரீனின் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது கைக்குட்டையிலிருந்து ஊர் எழுந்தது. சோப்பு, ஊதுவத்தி, அவற்றுக்கு அடியில் தோல் ஷாப். அறை முழுக்க ஆம்பூராகிவிட்டது. அதை மேஜை இழுப்பறையில் வைத்து, தினமும் வேலைக்குப் போகுமுன் எடுத்து முகர்ந்தேன். இப்போது கொஞ்ச நாளாக ஒன்றும் வருவதில்லை. வாசனை போய்விட்டதா, என் மூக்கு பழகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தூரம் அளப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவனுக்கு இதைத் தீர்மானிக்க வழி தெரியாமல் இல்லை. மிஸஸ் டோரீனிடம் கொடுத்து முகரச் சொன்னால் போதும். அவள் முகம் சுளித்தால் ஊர் இன்னும் அதில் இருக்கிறது. சுளிக்காவிட்டால் அது வெறும் துணி. இன்னும் கொடுக்கவில்லை.