நுள்ளுக்குப் பதில் இரண்டு பிடி

நேமத்தில் ரயில்பாதையை ஒட்டிய அந்தச் சந்தில் மாடம்மாள் என்று மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது. முட்டை மாடம்மாள் என்று சொல்ல வேண்டும். கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பதினெட்டுக் கோழிகள் வைத்திருந்தாள். சந்து முனையில் டீக்கடை போட்டிருக்கும் வேலப்பன், அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் முட்டை ரோஸ்டுக்கு அவளிடம்தான் வாங்குவார். அந்தப் பெயரும் அந்தக் கடையும் போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வீட்டுக்கு மார்த்தாண்டத்துக்காரி ஷைலஜா குடிவந்து, அவளும் கோழி வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் வினை பிடித்தது. மாடம்மாளின் முட்டைகள் கொதிக்கிற தண்ணீரில் விரிசல் விட்டு வெள்ளையைக் கக்கின. ஷைலஜாவின் முட்டைகளோ போட்டது போட்டபடி முழுசாக வெந்தன. வேலப்பன் பாதி முட்டையை அவளிடம் வாங்க ஆரம்பித்தார். இனிமேலும் உடைந்தால் முழுக்க அங்கேதான் என்று மாடம்மாளிடம் சொல்லியும் விட்டார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. ஷைலஜா மதில் வழியாகச் சிரித்தால் கூட, தன் உடைந்த முட்டையை நினைத்துத்தான் சிரிக்கிறாள் என்று பட்டது. தினமும் தீவனத்தில் அவள் ஏதோ சாம்பல் நிறப் பொடியைத் தூவுவதை மாடம்மாள் பார்த்திருந்தாள். எந்தக் கோயிலிலோ மந்திரித்து வாங்கிய திருநீறு என்றே முதலில் முடிவு கட்டினாள்.

பிளாஸ்டிக் எடுக்க ஹரித கர்ம சேனைப் பெண்கள் வரும் நாளில் குட்டு வெளிப்பட்டது. ஷைலஜா பிளாஸ்டிக்கைக் கழுவிப் போட்டு வாசலில் வைத்திருந்த சாக்கின் மேலாகவே அந்தப் பொடியின் காலிக் கவர் கிடந்தது. மாடம்மாள் அதை உருவி மடியில் கட்டிக்கொண்டு நேராக ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு பஸ் ஏறினாள்.

தீவனக் கடை செல்வகணேஷ் கவரைப் பார்த்துவிட்டு, இது கோழிக்கான மினரல் மிக்ஸ் என்றான். துத்தநாகம், மாங்கனீசு, செம்பு என்று உடம்புக்குத் துளித் துளியாக வேண்டியவை எல்லாம் இதில் உண்டு, முட்டை ஓடு உறுதிப்படும் என்று விளக்கினான். நூறு கிலோ தீவனத்துக்கு நூறு கிராம்தான், உங்கள் வாளிக்கு ஒரு நுள்ளு போதும் என்று இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டவும் செய்தான்.

மாடம்மாளுக்கு அது காதில் விழாமல் இல்லை. ஒரு நுள்ளு போட்டால் ஷைலஜாவின் முட்டை மாதிரிதானே வரும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஷைலஜாவின் அளவுக்கு மிஞ்ச வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. வாங்கி வந்த பொடியை வாளிக்கு இரண்டு பிடி போட்டாள்.

கோழிகள் தீவனத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு ஒதுங்கின. ஒரு வாரத்தில் கழுத்து இறகு கொட்டியது. முட்டை அடியோடு நின்றது. மதில் மேல் எட்டிப் பார்த்த ஷைலஜா, கேட்காமலேயே இறங்கி வந்து, தொட்டியில் படிந்திருந்த பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்வளவு போட்டிய அக்கா?"

"ரெண்டு பிடி."

சிரித்திருந்தாலாவது மாடம்மாள் சண்டைக்குப் போயிருப்பாள். ஷைலஜா சிரிக்கவில்லை. தீவனத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவினாள், தன் வீட்டுத் தீவனத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கோழி தேறி மறுபடி முட்டையிட மாசக்கணக்காகலாம் என்றாள். போகும்போது தன் முட்டையில் பத்தை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள்.

"அது வரைக்கும் இத கடைக்கி குடுங்க. உங்க முட்டைன்னே இருக்கட்டும். வேலப்பன் அண்ணன்கிட்ட ஒண்ணும் பறயண்டாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் மாடம்மாள் வாயைத் திறந்தாள். கை தட்டை வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை வேலப்பன் ஒரு முட்டையை வேகவைத்து உரித்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். மாடம்மாள் முட்டை என்றால் மாடம்மாள் முட்டைதான், ஷைலஜாவின் முட்டைக்கு ஓடு மட்டும்தான் உண்டு, இந்த ருசி ஏது என்றார். நாளையிலிருந்து அவளை நிறுத்திவிடுகிறேன், மொத்தமும் நீயே கொடு என்றும் சொன்னார்.

இரண்டு வருஷமாக அவள் ஏங்கிய வார்த்தை அது. பேசாமல் தலையாட்டினால் போதும். ஆனால் ஷைலஜாவின் முட்டையைக் கொண்டே ஷைலஜாவின் வியாபாரத்தைக் கெடுப்பதா?

"அண்ணாச்சி, இது எங்கோழி போட்டதில்ல. ஷைலஜா கோழி போட்டது."

வேலப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"வேற யாரு சொன்னாலும் நான் நம்பமாட்டேன், மாடம்மா. நீ சொன்னா நம்பலாம். அவளுக்கு ஒரு நல்ல வாக்கு நீ சும்மா சொல்லமாட்ட."

அன்றே மொத்த முட்டை வியாபாரமும் ஷைலஜாவுக்குப் போயிற்று. மாடம்மாள் வெறும் தட்டோடு வீடு திரும்பினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஷைலஜாவின் கோழிகள் முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தன. இந்தப் பக்கம் மாடம்மாளின் பதினெட்டும் கழுத்து மொட்டையாக நின்றன. அவளுடைய பொறாமைக்கு மட்டும் ஓர் இறகுகூட உதிரவில்லை.