பழைய டீச்சரைத் தின்றவள்

தெலாலி டீச்சர் முதல் நாள் பாலர் வகுப்புக்குள் நுழைந்தபோது, குழந்தைகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார்கள். அவள் நல்ல பருமன். அம்மாவோடு லாரி நிலையத்தில் வள்ளிக்கிழங்கு பொரித்து விற்றபடியே வேலை ஆணைக்குக் காத்திருந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

முன் வரிசையிலிருந்து யாயரா எழுந்தாள். பால் பல் இன்னும் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் கேள்வி கேட்பதில் வக்கீல்.

"மௌசி டீச்சர் எங்கே?"

"வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க கண்ணு."

"பொய். நீங்கதான் தின்னுட்டீங்க."

யாராவது சிரிப்பார்கள் என்று தெலாலி காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் சத்தமில்லாமல் தன் பெஞ்சைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டான்.

மௌசி டீச்சர் போன கதை எங்கள் ஏரிக்கரை ஊரான க்பாண்டோவில் எல்லோருக்கும் தெரியும், குழந்தைகளைத் தவிர. வகுப்பு அலமாரியிலிருந்து சாக்பீஸ் மாயமாகிக்கொண்டே இருந்தது. பூட்டு உடையவில்லை. அவள் எங்கோ தனியார் பள்ளிக்கு விற்கிறாள் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வாய் சொல்ல, மற்ற வாய்கள் ஆமாம் போட்டன. ஆண்டு நடுவிலேயே அவளைப் படகில் ஏற்றி, ஏரிக்குள் இருக்கும் தீவுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பள்ளி என்பது நாலு கம்பும் ஒரு கூரையும்தான். மழை வந்தால் கூரையும் விடுப்பு எடுக்கும்.

தலைமை ஆசிரியை மேடம் அக்பெனே சாவியைக் கொடுக்கும்போதே சொன்னாள்: "அலமாரிச் சாவி மூணு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு காவல்காரர் செனானு கொத்துல. மறுபடி சாக்பீஸ் காணாமப் போச்சுன்னா, அடுத்த படகுல நீதான் உட்காருவே. புரியுதா?"

தெலாலிக்கு நன்றாகவே புரிந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. குளிக்கும் வாளியையே கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பாள்.

முதல் வாரம் முடிவதற்குள் சாக்பீஸ் குறைய ஆரம்பித்தது.

அன்றிலிருந்து அவள் எல்லோரையும் சந்தேகப்பட்டாள். குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். எல்லா நாக்கும் வெள்ளையாகத்தான் இருந்தது. எல்லோரும் சோளக் கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னதும் இரண்டு குழந்தைகள் அழுதன. பல்லைப் பார்ப்பது தின்பதற்கு முன்னால் செய்கிற வேலை என்று யாயரா அவர்களுக்கு விளக்கியிருந்தாள்.

"சாக்பீஸைப் பல்லி தின்னுது டீச்சர்," என்றாள் யாயரா. "சிவப்புத் தலைப் பல்லி. தலையை ஆட்டி ஆட்டி முழுங்கும்."

அந்தப் பல்லியைப் பற்றி எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். சாக்பீஸ் தின்று தின்று அது பூனை அளவுக்கு ஊதிப்போனதாம். சுவரில் ஊர்ந்தால் பின்னால் கோடு விழுமாம். அதன் எச்சத்தை எடுத்து ஒரு பயல் கரும்பலகையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எழுதியே விட்டானாம். நான் பார்க்கவில்லை. ஆனால் அவன் எழுதிய ஐந்து கோணலாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பொய்யாக இருந்தால் கோணல்வரை தெரியுமா?

தெலாலி பல்லியை நம்பவில்லை. காவல்காரர் செனானுவின் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் வெள்ளை.

"என்ன அண்ணே, கை வெளுத்திருக்கு?"

"மேடம்தான் வாசல் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாங்க. ஏன் கேக்கறே? என்னையும் திங்கலாம்னு பாக்கறியா? நான் எலும்புதாம்மா. கடிச்சா பல்லு போயிடும்."

டீச்சரைத் தின்றவள் என்ற பட்டப்பெயர் காவல்காரர்வரை வந்துவிட்டது. குழந்தைகளைக் கொண்டுவிட வந்த அம்மாக்களும் அவள் கையில் பிள்ளையைக் கொடுக்காமல், கதவருகே விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். சந்தேகப்படப் போனவளை ஊரே சந்தேகப்பட்டது. சாக்பீஸோ குறைந்துகொண்டே இருந்தது.

பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு மாலை, காய்ந்த மிளகாயை இடித்துத் தண்ணீரில் கரைத்தாள். அதில் ஒரு பெட்டி சாக்பீஸை முக்கி, வெயிலில் காயவைத்து, அலமாரியின் முன்பக்கத்தில் வைத்துப் பூட்டினாள். குழந்தைகளுக்கான சாக்பீஸைத் தன் பையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நம் ஊர் மிளகாய். கேட்க வேண்டுமா?

மறுநாள் காலை வணக்கக் கூட்டம். தெலாலி கொடிக்கம்பத்தை விட்டுவிட்டு வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் பாடினார்கள். செனானு பாடினார், சுருதி சேராமல், ஆனால் நலமாக. மேடம் அக்பெனே மட்டும் பாடவில்லை. உதடு இரண்டும் வாழைப்பழம் மாதிரி வீங்கி, கண்ணீர் தாரை தாரையாக வடிய நின்றாள். நாட்டுப்பற்றில் உருகுகிறாள் என்று நினைத்து நாலாம் வகுப்பு ஆசிரியரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் மேடம் நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போனாள். பானை காலி. அடுத்த பானையும் காலி. ஏரியில் ஒரு விரற்கடை இறங்கியது என்று படகோட்டிகள் சொன்னதை நான் வற்புறுத்த மாட்டேன்.

தெலாலிக்கு முதலில் வந்தது கோபம். 'இவளா! என்னைப் படகு காட்டி மிரட்டியவளா!' பிறகு மற்றவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சத்துணவுக்கு மீன் பொரிக்கும்போது மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது. கொஞ்ச நாளாகத் தொளதொள அங்கியாகவே போடுவது. வகுப்பு நடுவில் தூங்கி வழிவது. மசக்கை! நாற்பத்தாறு வயதில்! பிள்ளைத்தாய்ச்சிகள் கடிக்கிற வெள்ளை மண் உருண்டை சந்தையில் குவிந்து கிடக்கிறதே, ஏன் சாக்பீஸ்? யோசித்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. தலைமை ஆசிரியை சந்தையில் மண் உருண்டை வாங்கினால், அவள் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் செய்தி அவள் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று மாலை தெலாலி சந்தைக்குப் போய் மண் உருண்டை வாங்கினாள்.

"அட, உனக்கா?" என்றாள் கடைக்காரி, வயிற்றைப் பார்த்து.

"ஆமா, எனக்குத்தான்," என்றாள் தெலாலி. கல்யாணமாகாத பெண் அப்படிச் சொல்லிவிட்டு வந்தாள். டீச்சரைத் தின்றவள் என்ற பேரோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

உருண்டைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலையில் உருண்டைகள் இல்லை. சாக்பீஸ் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் மேடம் கூப்பிட்டு அனுப்பினாள்.

மேடம் கதவைச் சாத்தினாள். "மிளகாயும் நீதானே?"

"ஆமா மேடம். தெரியாம செஞ்சிட்டேன். வயித்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

"வாய்க்குத்தான் ஆச்சு." மேடத்தின் குரல் இறங்கியது. "மூணு தடவை வெளியே சொன்னேன்டி. மூணு தடவையும் தங்கலை. இந்தத் தடவை புருஷனுக்கே சொல்லலை."

"மௌசி டீச்சரைத் திருடின்னு சொன்னப்ப நீங்க வாயைத் திறந்திருக்கலாமே மேடம்?"

"திறந்திருந்தா உள்ளே சாக்பீஸ் தெரிஞ்சிருக்கும்."

தெலாலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

"அவ வந்தா உனக்கு இடம்? நல்லா யோசிச்சுக்கோ. காலியாகிறது தீவுதான்."

ஏரி, படகு, காலுக்கடியில் கறுப்புத் தண்ணீர். மூன்றும் தெலாலியின் கண்முன்னே வந்து போயின.

"கூட்டிட்டு வாங்க மேடம். நான் தின்னலைன்னு அந்தப் பிள்ளைங்க நம்பணும்."

மேடம் அன்றே ஆசிரியர்களைக் கூட்டி, சாக்பீஸை எடுத்தது மௌசி இல்லை, அதற்குத் தானே சாட்சி என்றாள். எடுத்தது யார் என்று கேட்டவர்களை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் பல்லி என்று எழுதிக்கொண்டார்கள்.

சந்தை நாளில் மௌசி படகிலிருந்து இறங்கினாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தெலாலி தன் பெட்டியோடு துறையில் நின்றிருந்தாள்.

"என் இடத்துல உட்கார்ந்தவ நீதானா?" என்றாள் மௌசி, மேலும் கீழும் பார்த்து. "இப்ப என்ன, என் படகுலயுமா உட்காரப் போறே?"

"வேற வழி இல்லக்கா."

அவள் தண்ணீரை விட்டு எட்டியே நிற்பதை மௌசி பார்த்தாள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள். மேடத்திடம் அவள் வணக்கம் சொல்லவில்லை. "இவ்வளவு பிள்ளைங்களை ஒருத்தி மேய்க்க முடியாது. பாதி உள்ளே, பாதி மாமரத்தடி. தீவுக்கு வேற யாரையாவது பாருங்க," என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது மேடத்தின் அங்கியையே பார்த்தாள். மேடம் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு தலையாட்டினாள். அன்றிலிருந்து சாக்பீஸ் பெட்டி மௌசியின் கைப்பையில்தான். அலமாரியை அவள் அப்புறம் நம்பவே இல்லை.

குழந்தைகள் மௌசியைச் சூழ்ந்துகொண்டு கிள்ளிப் பார்த்தார்கள். யாயரா மட்டும் மாமரத்தடிக்கு வந்து, தெலாலியின் வயிற்றருகே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வெளியே எடுத்துட்டீங்க. சரி," என்றாள். "ஆனா மீதிப் பாதி டீச்சர் எங்கே?"