ஐம்பது அடிக்கு ஒரு ஜூம் கேமரா

என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் கேமரா வாங்கக் கிளம்பினேன். அதுவரை செல்போனில்கூட எனக்கு ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியாது. அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் சாப்பிடுவதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். நான் எடுத்தால் பாதிப் பிள்ளைகளுக்குத் தலை இருக்காது.

காரணத்தை மறைக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் சொந்தத்தில் புருஷன் இல்லாதவள் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டாள். பெற்ற மகள் கல்யாணமானாலும் அப்படித்தான். தாரை வார்த்துக் கொடுக்க அண்ணனும் மதினியும் என்று முடிவாகிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னார்.

"ஒன் இஷ்டம்தான் ஆத்தா. நீ முன்னாடி நின்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்களோன்னுதான்..."

எங்கள் ஊரில் 'ஒன் இஷ்டம்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். நான் காபி போட எழுந்து போய்விட்டேன்.

மகள் சென்னையில் இருந்து போனில் கேட்டாள். "நீ மேடைக்கு வாம்மா. வந்தா என்னா ஆயிரும்?"

"பெரிய மனுஷி மாதிரி பேசாத. போயி வேலையப் பாரு."

வைத்துவிட்டு யோசித்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தாலி ஏறுவது எனக்குத் தெரியாது. தூரத்தை இழுத்துக் காட்டும் கேமரா இருந்தால் தெரியும். இப்படித்தான் என் புத்தி போனது.

ஆலங்குடியில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "யாருக்குக்கா? வீட்டுல தம்பி காலேஜ் படிக்கிதா?" என்றார்.

"எனக்குத்தான். ஏன், நான் எடுத்தா படம் விழாதா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பெரிய கேமராவை எடுத்து வைத்தார். லென்ஸ் கழற்றி மாட்டுகிற வகை. எவ்வளவு தூரம் எடுக்கும் என்று கேட்டேன். தூரத்துக்குத் தனி லென்ஸ் வாங்க வேண்டுமாம். அதன் விலை கேமராவின் விலையைவிட அதிகம். அதை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். அடுத்து லென்ஸ் கழற்ற முடியாத வகையைக் காட்டினார். பெட்டியில் நாற்பது மடங்கு என்று ஒரு இடத்திலும் எண்பது மடங்கு என்று இன்னொரு இடத்திலும் போட்டிருந்தது. எது உண்மை என்று சண்டைக்கு நின்றேன். நாற்பதுவரை லென்ஸே இழுக்கும், அதற்கு மேல் படத்தை ஊதிப் பெரிசாக்கிக் காட்டும், அவ்வளவுதான் என்றார். நம்பவில்லை. வாசலுக்கு வந்து தெருக்கோடியில் நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்தேன். நாற்பதில் எழுத்து எழுத்தாக வாசிக்க முடிந்தது. எண்பதில் மழையில் நனைந்த கோலம் மாதிரி இருந்தது. எண்பதை மறந்துவிட்டு நாற்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதே மாடலில் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழையது ஒன்று இருந்தது. லென்ஸைப் பத்துத் தடவை நீட்டி மடக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. எடுத்துக்கொண்டேன்.

"எதை எடுக்கப் போறீங்கக்கா? பறவையா?"

"கல்யாணம்."

அவர் முகம் மாறிவிட்டது. "மண்டபத்துக்குள்ள இது சரிவராதுக்கா. இழுக்க இழுக்க வெளிச்சம் பத்தாது, படம் புள்ளிபுள்ளியா வரும். முன்னாடி போயி நின்னு எடுங்க. ஒங்க செல்போனே போதும்."

"முன்னாடி போக முடியாதவ என்ன செய்யணும்?"

அவர் பில் போட்டார்.

இரண்டு மாதமும் சாயங்காலம் ஊர்க் குளக்கரைக்குப் போனேன். முழுசாக இழுத்தால் கை நடுக்கம் அத்தனையும் படத்தில் தெரிந்தது. தென்னை மரத்தில் முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினால் அசையவில்லை. அக்கரைக் கொக்கின் கண் தெரிந்தது. அதைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. நானே பார்த்துவிட்டு நானே அழித்தேன். மாடு ஓட்டி வந்த ஒருத்தி கேட்டாள், "என்னக்கா, கொக்குக்குக் கல்யாணமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

கல்யாணத்தன்று கடைசி வரிசைக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றேன். அங்கிருந்து மணவறை ஐம்பது அடி இருக்கும். தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் தொட்டுக் கொடுக்கக் கொண்டுவந்தார்கள். என் வரிசைக்கும் வந்தது. தட்டு வைத்திருந்த பெண் என் எதிரே ஒரு நொடி நின்றாள். என் இரண்டு கையிலும் கேமரா இருந்தது. கேமராவைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் நகர்ந்துவிட்டாள். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

முழுசாக இழுத்தேன். மகள் முகம் மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தது. நெற்றியில் வேர்வை. குனிந்திருக்க வேண்டியவள் குனியவில்லை. யாரையோ தேடினாள். தூண் பக்கம் வந்ததும் பார்வை நின்றுவிட்டது. நேராக என்னைப் பார்த்து, நாடியை லேசாகத் தூக்கி, வா என்றாள். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

அதற்குள் மேளம் கொட்டிவிட்டது. அட்சதை போட மண்டபமே எழுந்து நின்றது. வேட்டி கட்டிய முதுகும் பட்டுச் சேலை முதுகும்தான் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் இருப்பதை எந்த ஜூமும் இழுக்காது. தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் சொன்னபடி படம் முழுக்கப் புள்ளி. ஆனால் கண் தெளிவாக விழுந்திருக்கிறது. வா என்று கூப்பிடுகிற கண். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்திருப்பார்களோ, தெரியாது. ஐம்பது அடி நடந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கூப்பிட வேண்டியவள் கூப்பிட்டாள். நடக்காதது நான்தான். அண்ணனைத் திட்டி, ஊரைத் திட்டி, இனித் திட்ட மிச்சம் இருக்கிற ஆள் நான்.

போன மாதம் மகள் வந்திருந்தாள். ஐந்து மாதம் அவளுக்கு. கேமராவில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் அந்தப் படத்தில் நின்றாள்.

"இந்த நேரம் நான் ஒன்னத்தான் கூப்பிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வரல?"

"போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் கேமராவை அணைத்து உறையில் போட்டு மூடினாள். ஊருக்குக் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்.

"வளகாப்புக்கு நீதான் மொத வளையல் போடணும். கேமராவைக் கொண்டாராத."

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்று கேமராவுக்குச் சார்ஜ் போட்டேன். பிறகு பிடுங்கிவிட்டேன்.